ஸ்காட் ஜாப்ளின்: ராக்டைம் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

ராக்டைம் என்ற பெயரே தெரியாதவர்கள்கூட ஒரு ராக்டைம் மெட்டையாவது கேட்டிருப்பார்கள். 'தி என்டர்டெய்னர்' என்ற பியானோ இசைதான் அது. அமெரிக்கத் தெருக்களில் ஐஸ்கிரீம் வண்டிகள் ஒலித்துக்கொண்டு வருவது இதைத்தான். பியானோ வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள், கை கொஞ்சம் பழகியதும் ஆசையாகக் கற்றுக்கொள்ளக் கேட்பதும் இதைத்தான். 1902இல் அச்சில் வந்த இந்த இசையை எழுதியவர் ஸ்காட் ஜாப்ளின். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவருக்கு மகனாகப் பிறந்த கறுப்பின அமெரிக்கர்.

ஜாப்ளினைப் பற்றிப் பேசும்போது எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ராக்டைம் என்பது மதுக்கடைகளில் பியானோக்காரர்கள் தோன்றியபடி வாசித்துவிட்டுப் போகும் இசை என்று ஊரே நினைத்த காலத்தில், அவர் அதை ஒவ்வொரு சுரமாக யோசித்து எழுதினார். எழுதியது எழுதியபடி வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்டார். அவர் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றுகூடக் கிடையாது. இன்று நம்மிடம் இருக்கும் ஜாப்ளின் முழுக்க முழுக்கக் காகிதத்தின் வழியாக வந்தவர்.

சரி, முதலில் அந்த இசை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

இசைத்தாளில் செங்குத்துக் கோடுகள் போட்டுப் பிரித்திருப்பார்கள். அப்படிப் பிரித்த ஒரு கட்டத்தை எட்டு சம பாகங்களாக மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். ராக்டைமில் இடது கை 1, 3, 5, 7 ஆகிய இடங்களில் ஒழுங்காக விழும். 1இல் கீழே ஒரு கனமான சுரம், 3இல் நடுப்பகுதியில் இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்த ஒரு கொத்து, 5இல் மறுபடி கீழே, 7இல் மறுபடி நடுவில். இந்த நடை மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கால ராணுவ பேண்டுகளின் மார்ச் இசையிலிருந்து வந்த நடை இது.

வலது கைதான் சேட்டை செய்கிறது. 1இல் ஒரு குட்டைச் சுரம். உடனே 2இல் ஒரு நீண்ட சுரம். அது 3ஐத் தாண்டி நீண்டு, 4இல் மறுபடி ஒரு குட்டைச் சுரம். 3இல் ஒரு தட்டு விழும் என்று காது காத்திருக்கிறது. அந்த இடத்தில் வலது கை புதிதாக எதையும் தொடுவதில்லை. அழுத்தம் ஒரு பாகம் முன்னாலேயே விழுந்துவிட்டது. இதற்குச் சிங்கோபேஷன் என்று பெயர். மேசையில் இடது கையால் 1, 3, 5, 7 தட்டிக்கொண்டே வலது கையால் 1, 2, 4 தட்டிப் பாருங்கள். முதலில் கை குழம்பும். மெதுவாகச் செய்தால் பிடிபட்டுவிடும். பிடிபட்ட நொடியில் கால் தானாக ஆடத் தொடங்கும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த உணர்வு புதிதல்ல. தாளம் சமத்தில் விழ, பாட்டு அரை இடம் தள்ளி எடுக்கும்போது ஒரு சின்ன இழுபறி பிறக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அங்கே எடுப்பு வரியின் தொடக்கத்தில் வருகிறது. ராக்டைமில் கட்டத்துக்குக் கட்டம் அந்த இழுபறி நடக்கிறது, அதுவும் ஒரே ஆளின் இரண்டு கைகளுக்கு நடுவில்.

இந்தத் தள்ளிவிழும் அழுத்தம் ஜாப்ளின் கண்டுபிடித்தது அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பாட்டிலும் ஆட்டத்திலும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் வாசிப்பிலும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தது அது. 1890களில் அது பியானோவுக்கு ஏறியது. ராக்டைம் நடையில் எழுதிய ஒரு தனி இசையை ராக் என்பார்கள். ராக் என்ற பெயரோடு 1897இல் அச்சான பியானோ இசைகளில் ஒன்று, செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் டாம் டர்பின் எழுதிய 'ஹார்லெம் ராக்'. ஜாப்ளின் அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் வருகிறார். வந்த வேகத்தில் எல்லாரையும் தாண்டிவிட்டார்.

அவர் பிறந்த தேதி உறுதியாகத் தெரியாது. 1870 ஜூலையில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு வயதுப் பிள்ளை என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே 1867 அல்லது 1868. இடம் டெக்சாஸின் வடகிழக்கு மூலை. அப்பா ஜைல்ஸ் முன்னாள் அடிமை, வயலின் வாசிப்பார். அம்மா ஃபுளோரன்ஸ் சுதந்திரமாகப் பிறந்தவர், பாடுவார், பாஞ்சோ வாசிப்பார். டெக்சாஸுக்கும் ஆர்கன்சாவுக்கும் எல்லையில் ரயில் பாதையை ஒட்டி 1873இல் உருவான டெக்சர்கானா என்ற ஊருக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தார். வேலை நடக்கும் நேரத்தில் மகன் அந்த வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து பழக அனுமதி கேட்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அப்புறம் ஒரு ஆசிரியர் கிடைத்தார். ஜூலியஸ் வைஸ், ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். ஊரில் வசதியான ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர், இந்தக் கறுப்பினச் சிறுவனின் கையைக் கவனித்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பியச் செவ்வியல் இசையையும், பாட்டாகவே நடக்கும் நாடகமான ஓபராவையும் ஜாப்ளின் அறிந்தது அவர் மூலமாகத்தான் என்று கருதப்படுகிறது. ஜாப்ளின் பிற்கால வாழ்க்கை முழுவதும் ஓபரா ஓபரா என்று அலைந்ததற்கு விதை இங்கே விழுந்திருக்க வேண்டும். வைஸ் முதுமையில் நோயுற்றபோது ஜாப்ளின் அவருக்குப் பணம் அனுப்பிவந்ததாக ஜாப்ளினின் கடைசி மனைவி லாட்டி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

வளர்ந்ததும் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் வாழ்க்கை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தபோது அவர் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். 1896இல் டெக்சாஸில் ஒரு ரயில் கம்பெனி விளம்பரத்துக்காக இரண்டு ரயில்களை நேருக்கு நேர் மோதவிட்டு வேடிக்கை காட்டியது. கொதிகலன்கள் வெடித்துப் பார்வையாளர்களில் சிலர் இறந்தே போனார்கள். அதே ஆண்டில் அந்த மோதலைப் பற்றி ஜாப்ளின் ஒரு மார்ச் எழுதி வெளியிட்டார். ரயிலின் ஊதல் எங்கே, மோதும் சத்தம் எங்கே என்று இசைத்தாளிலேயே குறித்திருக்கிறார். காகிதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற குணம் அப்போதே இருந்திருக்கிறது.

1890களின் நடுவில் மிசௌரி மாநிலத்தின் செடேலியாவில் தங்கினார். ரயில்வே ஊர். மதுக்கடைகளும் விபசார விடுதிகளும் வரிசையாக இருந்த தெரு ஒன்று உண்டு. கறுப்பினப் பியானோக்காரர்களுக்கு வேலை கிடைத்தது பெரும்பாலும் அங்கேதான். அதே ஊரில் கறுப்பின மாணவர்களுக்கென ஜார்ஜ் ஆர். ஸ்மித் கல்லூரியும் இருந்தது. ஜாப்ளின் அங்கே இசை படித்ததாக நம்பப்படுகிறது. இரவில் வாசிப்பு, பகலில் பாடம். ஆர்தர் மார்ஷல், ஸ்காட் ஹேடன் என்ற இரண்டு இளைஞர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். இருவருமே பிறகு நல்ல ராக்டைம் இசையமைப்பாளர்கள் ஆனார்கள்.

இனி 1899. அந்த ஆண்டில் அவருடைய இரண்டு ராக்கள் வெளியாயின. முதலாவது 'ஒரிஜினல் ராக்ஸ்', கான்சஸ் சிட்டியில் அச்சானது. அதன் அட்டையில் ஜாப்ளின் பெயரோடு, ஒழுங்குபடுத்தியவர் என்று இன்னொருவர் பெயரும் சேர்ந்தே வந்தது. அடுத்ததற்குப் போகுமுன் ஜாப்ளின் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டார். செடேலியாவில் இசைக்கடை வைத்திருந்த ஜான் ஸ்டார்க் என்ற வெள்ளையரோடு 1899 ஆகஸ்ட் 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சென்ட் ராயல்டி.

ஒரு சென்ட்தானா என்று தோன்றும். அன்றைய வழக்கம் என்ன என்று பார்த்தால்தான் இதன் எடை புரியும். இசையமைப்பாளரிடம் சில டாலர்களைக் கொடுத்து உரிமையை மொத்தமாக வாங்கிவிடுவார்கள். அப்புறம் லட்சம் விற்றாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. கறுப்பினத்தவர் என்றால் பேரம் பேசக்கூட இடமிருக்காது. அந்தச் சூழலில் ஒரு கறுப்பின இளைஞர் வழக்கறிஞர் துணையோடு ராயல்டி எழுதி வாங்கினார் என்பது பெரிய காரியம். அந்த இசைதான் 'மேப்பிள் லீஃப் ராக்'. முதல் அச்சு 400 பிரதிகள் விற்க ஒரு வருடம் ஆனது, அதாவது கைக்கு வந்தது 4 டாலர். ஆனால் விற்பனை நிற்கவில்லை. பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் பிரதிகளை எட்டியதாகச் சொல்லப்படுகிறது. பணக்காரர் ஆகும் அளவுக்குப் பணம் வரவில்லை. ஆனால் ஆண்டுதோறும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் வாசித்துப் பிழைக்க வேண்டிய கட்டாயம் குறைந்து, எழுத நேரம் கிடைத்தது.

அன்று இசைத்தட்டு இன்னும் பரவலாகவில்லை. புதுப் பாட்டு பிடித்தால் இசைத்தாளை வாங்கி வீட்டுப் பியானோவில் வாசிப்பார்கள். ஆகவே இசைத்தாள் விற்பனைதான் புகழ்.

'மேப்பிள் லீஃப் ராக்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற ராக்களும் புரிந்துவிடும். 16 கட்டங்கள் கொண்ட நான்கு பகுதிகள். முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாவது இரண்டு முறை, முதல் பகுதி மறுபடி ஒரு முறை, மூன்றாவது இரண்டு முறை, நான்காவது இரண்டு முறை. மூன்றாவது பகுதிக்கு வரும்போது ஆதார சுரமே இடம் மாறுகிறது: அதுவரை மத்யமமாக இருந்த சுரம் இப்போது சட்ஜமாகிறது. புது அறைக்குள் நுழைந்தாற்போல் ஒரு வெளிச்சம் வரும். நான்காவது பகுதியில் பழைய ஆதாரத்துக்குத் திரும்பிவிடுவார். மேம்போக்காகக் கேட்டால் ஒரே துள்ளலாகத் தெரியும். நான்கு பகுதிகளையும் தனித்தனியாகக் காதில் பிரித்துப் பழகியபின் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருப்பது தெரியும்.

இந்த வெற்றிக்குப் பிறகு ஸ்டார்க்கும் ஜாப்ளினும் செயின்ட் லூயிஸுக்குப் போனார்கள். 1902இல் 'தி என்டர்டெய்னர்', 'எலைட் சிங்கோபேஷன்ஸ்' எல்லாம் வந்தன. 1904இல் அந்த நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தபோது அங்கிருந்த செயற்கை அருவிகளை வைத்து 'தி கேஸ்கேட்ஸ்' எழுதினார். ராயல்டி விஷயத்தில் ஸ்டார்க்கோடு பின்னாளில் மனஸ்தாபம் வந்தது என்றாலும், ஜாப்ளினின் இசையை 'கிளாசிக் ராக்' என்று கௌரவமாகப் பெயர் சூட்டி விற்றவர் அவர்தான்.

அந்தக் கௌரவம் சும்மா கிடைத்துவிடவில்லை. ராக்டைம் தரக்குறைவானது, இளைஞர்களைக் கெடுக்கிறது என்று எதிர்ப்பு பலமாக இருந்தது. 1901இல் அமெரிக்க இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமே தன் உறுப்பினர்கள் ராக்டைம் வாசிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்தும் வரிகளோடு வந்த பாட்டுகளும் ராக்டைம் என்ற பெயரிலேயே விற்பனையாயின. அந்த அழுக்கும் சேர்ந்து பியானோ ராக்குகள் மேல் ஒட்டிக்கொண்டது. ஜாப்ளின் இதற்குக் கோபமாகப் பதில் சொல்லவில்லை. 1908இல் 'ஸ்கூல் ஆஃப் ராக்டைம்' என்று ஆறு பயிற்சிகள் கொண்ட சிறு கையேடு வெளியிட்டார். சிங்கோபேஷன் இருப்பதாலேயே ஒரு இசை மலிவானதாகிவிடாது என்று அதில் எழுதினார். எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

இன்னொன்றையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: ராக்டைமை எப்போதும் வேகமாக வாசிக்கக் கூடாது. பல இசைத்தாள்களின் தலைப்பிலேயே இந்தக் குறிப்பு அச்சாகியிருக்கும். அந்தக் காலத்தில் யார் வேகமாக வாசிப்பது என்று போட்டி வைப்பார்கள், அதைப் பார்த்து நொந்துபோய்ச் சொன்னதாக இருக்கலாம். காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. வேகம் கூடினால் இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள இழுபறி நசுங்கிவிடும், வெறும் படபடப்புதான் மிஞ்சும். இணையத்தில் கிடைக்கும் பல வாசிப்புகள் இன்றும் இந்தத் தவறைத்தான் செய்கின்றன.

ஆனால் ஜாப்ளினின் மனம் மூன்று நான்கு நிமிட இசையோடு நிற்கவில்லை. ஓபரா எழுத ஆசைப்பட்டார். 1901 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்கு இரவு உணவுக்கு அழைத்தார். நாட்டின் தென்பகுதி கொந்தளித்தது. அந்த விருந்தை வைத்து ஜாப்ளின் எழுதிய ஓபரா 'எ கெஸ்ட் ஆஃப் ஆனர்'. 1903இல் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடத்தப் புறப்பட்டார். வழியில் வசூல் பணம் திருடுபோனது. தங்கிய இடத்துக்குக் கட்ட வழியில்லாமல் பெட்டிகள் பறிபோனதாகவும், இசைப்பிரதி அதில்தான் போயிருக்க வேண்டும் என்றும் கருதப்படுகிறது. காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, பிரதி போய்ச் சேரவில்லை. அந்த ஓபராவின் ஒரு பக்கம்கூட இதுவரை கிடைக்கவில்லை. அமெரிக்க இசையின் பெரிய இழப்புகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

1904 ஜூனில் ஃபிரெட்டி அலெக்சாண்டர் என்ற இளம்பெண்ணை மணந்தார். சளிக்காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, செப்டம்பரில் அவர் இறந்துபோனார். வயது இருபது. அடுத்த ஆண்டு வந்த 'பெதீனா' என்ற வால்ட்ஸைக் கேளுங்கள். மூன்று எண்ணிக்கையில் நடக்கும் நடை, அதற்குள் ராக்டைமின் தள்ளிவிழும் அழுத்தம். துயரமான ராக்டைம் என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அதைக் கேட்கும்வரை எனக்குத் தோன்றியதில்லை.

1907இல் நியூயார்க் போனார். அங்கே ஸ்டார்க்கின் அலுவலகத்தில் ஜோசப் லாம்ப் என்ற வெள்ளை இளைஞரைச் சந்தித்தார். ஜாப்ளினின் இசைத்தாள்களை வாங்கி வாங்கித் தானாகவே ராக் எழுதப் பழகியவர் லாம்ப். அவருடைய முதல் ராக் 1908இல் வெளிவர, ஜாப்ளின் தன் பெயரையும் அட்டையில் சேர்க்கச் சம்மதித்தார். ஒரு காலத்தில் தன் இசைத்தாளின் மேல் இன்னொருவர் பெயர் ஏறியதைப் பார்த்தவர், இப்போது முகம் தெரியாத இளைஞருக்குத் தன் பெயரைக் கொடுத்தார்.

கடைசிப் பத்தாண்டை விழுங்கியது 'ட்ரீமனிஷா' என்ற இரண்டாவது ஓபரா. கதை 1884இல், டெக்சர்கானாவுக்கு அருகில் ஒரு ஆர்கன்சாத் தோட்டத்தில் நடக்கிறது. மரத்தடியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை ட்ரீமனிஷா. வளர்ப்புப் பெற்றோர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் உடலுழைப்பைக் கொடுத்து, பதிலுக்கு மகளுக்குக் கல்வி வாங்கித் தருகிறார்கள். வளர்ந்த ட்ரீமனிஷா, மந்திரத் தாயத்து விற்று ஏமாற்றும் ஆட்களை எதிர்க்கிறாள். அவர்கள் அவளைக் கடத்திப்போய்க் குளவிக்கூட்டில் தள்ளப் பார்க்கிறார்கள். காப்பாற்றப்பட்டதும் அவர்களை மன்னித்துவிடச் சொல்கிறாள். ஊர் அவளைத் தன் தலைவியாக ஏற்கிறது. பெண்களுக்கு அமெரிக்கா முழுவதும் வாக்குரிமைகூட வராத காலத்தில் எழுதிய கதை இது. தன் அம்மா செய்ததை நினைத்துத்தான் உழைப்புக்குக் கல்வி என்ற அந்தப் பகுதியை வைத்தார் என்று எனக்குப் படுகிறது.

வெளியிட யாரும் முன்வரவில்லை. 1911இல் 230 பக்க இசைப்பிரதியைத் தன் செலவிலேயே அச்சிட்டார். ஒரு இசைப் பத்திரிகை அதை மிகவும் பாராட்டி எழுதியது. மேடை மட்டும் கிடைக்கவில்லை. 1915இல் ஹார்லெமில் காட்சியமைப்பு இல்லாமல், வாத்தியக் குழு இல்லாமல், அவரே பியானோவில் உட்கார்ந்து ஒரு முறை நடத்திக் காட்டினார். எடுபடவில்லை. அதற்குள் சிபிலிஸ் நோய் முற்றி விரல்களும் நினைவும் தளர்ந்துகொண்டிருந்தன. 1917 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கில் மன்ஹாட்டன் மாநில மனநல மருத்துவமனையில் இறந்தார். அந்த வசந்தத்தில்தான் முதல் ஜாஸ் இசைத்தட்டு விற்பனைக்கு வந்திருந்தது. ராக்டைமின் காலம் முடிந்துகொண்டிருந்தது. குவீன்ஸில் உள்ள செயின்ட் மைக்கேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பெயர்க்கல் வைக்கப்பட்டது 1974இல்.

இறப்பதற்கு முந்தைய ஆண்டு சில பியானோ ரோல்களுக்கு வாசித்திருக்கிறார். துளையிட்ட நீண்ட காகிதச் சுருள் அது. தானியங்கிப் பியானோவில் மாட்டினால் துளைகளின்படி கட்டைகள் இறங்கும். அழுத்தத்தின் நுணுக்கங்கள் அதில் சரியாகப் பதிவாகாது, தொழிற்சாலையில் திருத்தவும் செய்வார்கள். அவற்றில் ஒரு 'மேப்பிள் லீஃப் ராக்' தட்டுத் தடுமாறுகிறது. நோயாளியின் கை அது. அதை வைத்து ஜாப்ளினின் வாசிப்பை மதிப்பிடுவது நியாயமில்லை.

அரை நூற்றாண்டு கழித்து அச்சுப் பிரதிகள் அவரைத் திரும்பக் கொண்டுவந்தன. 1970இல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற இளம் பியானோ கலைஞர், இசைத்தாளில் இருப்பதை இருக்கிற வேகத்தில், செவ்வியல் இசைக்குக் காட்டும் மரியாதையோடு வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். மறு ஆண்டு நியூயார்க் பொது நூலகம் ஜாப்ளினின் படைப்புகளைத் தொகுத்து அச்சிட்டது. 1972 ஜனவரியில் 'ட்ரீமனிஷா' அட்லாண்டாவில் முதன்முறையாக முழுமையாக மேடையேறியது. வாத்தியக் குழுவுக்கு ஜாப்ளின் எழுதிய பகுதிகள் தொலைந்துபோயிருந்ததால் அவற்றைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பாட்டும் பியானோவும் அந்த 230 பக்கத்தில் இருந்தன. 1973இல் 'தி ஸ்டிங்' திரைப்படம் ஜாப்ளினின் மெட்டுகளைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டு 'தி என்டர்டெய்னர்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அந்தப் படத்தின் கதை நடப்பது 1930களில், ராக்டைம் ஓய்ந்து வெகுநாள் ஆன பிறகு. அதனால் பலருக்கும் ராக்டைம் எந்தக் காலத்து இசை என்ற குழப்பம் இன்றும் இருக்கிறது. 1976இல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பரிசு வழங்கியது.

கேட்கத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையில் போகலாம். முதலில் 'மேப்பிள் லீஃப் ராக்': ஒரு முறை இடது கையை மட்டும் கவனியுங்கள், மறுமுறை வலது கையை. பிறகு 'தி என்டர்டெய்னர்', மெதுவாக வாசித்த பதிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதற்கப்புறம் 'பெதீனா'வும், 1909இல் வந்த 'சொலேஸ்' என்ற மெக்சிகோ சாயல் கொண்ட இசையும். 1914இல் தானே வெளியிட்ட 'மேக்னெட்டிக் ராக்'கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் திடீரென்று இருண்டு, மறுபடி தெளியும் அந்த ராக், மேலே சொன்ன விதிகளையெல்லாம் தளர்த்திப் பார்க்கிறது. விதிகள் காதில் பதிந்த பிறகு கேட்டால்தான் அதன் துணிச்சல் புரியும். 'ட்ரீமனிஷா' முழுவதும் கேட்க நேரமில்லை என்றால், எல்லாரும் சேர்ந்து மெதுவாக ஆடும் அதன் இறுதிக் காட்சியையாவது கேட்டுவிடுங்கள். ஜாப்ளின் பிடித்துப்போனால் அடுத்து ஜேம்ஸ் ஸ்காட்டையும் ஜோசப் லாம்பையும் தேடலாம். ஸ்காட்டின் ராக்களில் துள்ளல் அதிகம், லாம்பின் ராக்களில் ஐரோப்பியப் பியானோ இசையமைப்பாளர் சோபினின் வாடை கொஞ்சம் வீசும்.